நடந்து வருகிற வியாபாரம், லாரியில் வருகிற வியாபாரம்

மணலி புதுநகரில் கடை போடலாமா என்று கேட்கிறாய். "ரோடு வந்துடுச்சு, மெட்ரோ வந்துடுச்சு, இனிமே அந்தப் பக்கம்தான் வளர்ச்சி" என்று புரோக்கர் சொன்னதையும் சொல்கிறாய். உட்கார் தம்பி, இன்னொரு டீ சொல்கிறேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் போடப்போவது உன் அம்மா மீன் விற்று, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

புரோக்கர் பொய் சொல்லவில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வரும் வெளிவட்டச் சாலையின் கடைசித் துண்டு 2021 பிப்ரவரியில் திறந்தது. அதே மாதம் 14ஆம் தேதி மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 2011இல், கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி நகராட்சிகளை எல்லாம் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. எண்ணூர் முகத்துவாரத்தில் இருக்கும் நம் நெட்டுக்குப்பமும் அந்த வழியாகத்தான் மாநகராட்சிக்குள் போனது. எல்லாம் உண்மை. ஆனால் மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. புதுநகருக்கென்று ஒரு ரயில் நிலையம் இன்றைக்கும் கிடையாது. வெளிவட்டச் சாலை பெரிய வண்டிகளுக்காகப் போட்ட சாலை. அதில் போகிறவன் உன் கடையில் இறங்கிப் பால் பாக்கெட் வாங்கமாட்டான். ஒரு ஊருக்கு எது வந்தது என்று கேட்பதோடு, யாருக்காக வந்தது என்றும் சேர்த்துக் கேட்டுப் பார்.

புதுநகர் எப்படி உருவானது என்று தெரிந்தால் அங்கே வியாபாரம் எப்படி ஓடும் என்பதும் புரியும். மணலியில் 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. 1970இல் நம் பக்கத்து எண்ணூர் அனல்மின் நிலையம். அதை ஒட்டி மணலி உரத் தொழிற்சாலை. அசோக் லேலண்டு அதற்கெல்லாம் முன்பே எண்ணூரில் இருந்தது. இத்தனை ஆலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வீடு வேண்டும். அதனால்தான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தெற்கே மறைமலைநகரைத் திட்டமிட்டதுபோல வடக்கே மணலி புதுநகரைத் திட்டமிட்டது. ஆலையில் ஷிப்ட் முடித்தவர் வந்து தூங்கி எழுந்து போகும் ஊராகவே அதை யோசித்தார்கள். மனை அளந்தார்கள், தெரு போட்டார்கள், பள்ளிக்கும் பூங்காவுக்கும் கடைக்கும் இடம் குறித்தார்கள்.

அந்தத் திட்டக் காகிதத்தின் பின்னால் ஒரு அமெரிக்க யோசனை இருக்கிறது. 1929இல் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர், ஒரு குடியிருப்பு எப்படி அமைய வேண்டும் என்று எழுதினார். நடுவில் பள்ளிக்கூடம், குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் நடந்து போகிற தூரத்தில் வீடுகள், கடைகளெல்லாம் ஓரத்தில், சாலைகள் கூடும் முனைகளில். நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பிறகு திட்டமிட்ட பல நகர்களில் இந்தச் சாயல் உண்டு. சண்டிகரில் ஒவ்வொரு செக்டாரையும் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம் என்று வெட்டி, குறுக்கே ஒரு கடைத்தெருவை ஓடவிட்டார்கள். பெர்ரியின் யோசனையில் குழந்தைக்கு இடம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். தலையில் அன்னக்கூடையோடு தெருத்தெருவாக வரும் உன் அம்மாவுக்கு அதில் இடமில்லை.

காகிதத்தில் கடை என்று எழுதினால் கடை வந்துவிடாது. இதுதான் இப்படிப்பட்ட நகர்களின் முதல் சிக்கல். மனை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் உடனே வீடு கட்டுவதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும், விலை ஏறட்டும் என்று வேலி போட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்று காலி மனை, அதில் முள்செடியும் மழைத்தண்ணியும். அந்தத் தெருவில் மளிகைக்கடை வைத்தால் முதல் வருடத்துக்குள் மூட வேண்டியதுதான். கடை இல்லாததால் குடும்பத்தோடு வந்து தங்க யோசிக்கிறார்கள். ஆள் வராததால் கடை வைக்க யோசிக்கிறார்கள். இந்த முடிச்சு அவிழ இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதுவரை ஒரு காய்ச்சல் மாத்திரைக்கும் பஸ் ஏற வேண்டும். ஊர் வளரவில்லை என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். உள்ளே இருக்கும் பெண்களோ ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதற்கே போகிறது என்று கணக்குச் சொல்வார்கள்.

முடிச்சு அவிழ்வது பெரும்பாலும் வாசல் அறையில்தான். ஓய்வு பெற்ற ஒருவர், அல்லது கணவனை இழந்த ஒரு பெண், வீட்டின் முன்னறைக் கதவை எடுத்துவிட்டுக் கிரில் போடுவார். கிரில்லில் ஷாம்பு, பாக்குச் சரங்கள். உள்ளே ஒரு மரப்பலகை, அதன் மேல் தராசு, பக்கத்தில் பால் வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ். தெருப்பிள்ளைகள் பென்சில் கேட்டு வருவார்கள். வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் உண்டல்லவா, கடைக்கு அது கிடையாது. கமர்ஷியல் லைன் வாங்கு என்பார்கள், சொத்து வரியும் கூடும். அந்த ஃபிரிட்ஜ் ஓடுகிற கரண்டுக்கே பாலில் வரும் லாபம் சரியாகிவிடும். ஆனாலும் அந்தக் கடை அந்தத் தெருவுக்கு ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் தருகிறது. யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க ஒரு கண் இருக்கிறது. கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வரும் பெண் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் திருப்பத்தில் திரும்புகிறாள். இந்தக் கடையை நான் நடந்து வருகிற வியாபாரம் என்பேன். வாங்குகிறவர் நடந்து வருகிறார், விற்பவர் அங்கேயே குடியிருக்கிறார், காசு தெருவுக்குள்ளேயே சுற்றுகிறது.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பைப் பார்த்திருப்பாய். 2004 டிசம்பருக்குப் பிறகு காசிமேட்டுப் பக்கத்து ஜனத்தைக் கார்கில் நகர்க் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்து, அப்புறம் அடுக்குமாடி கட்டிக் குடியமர்த்தினார்கள். கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்திலேயே இட்லி விற்று, கருவாடு விற்றுப் பிழைத்த ஜனம் அது. மாடியில் அதற்கு இடம் ஏது? அதனால் கீழ்வீட்டு ஜன்னலே கடை ஆகிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை நீட்டினால் ஆக்கிரமிப்பு என்று பேர். வீட்டை வரைந்தவர்கள் பிழைப்பையும் சேர்த்து வரைந்திருந்தால் அந்தப் பலகைக்கு இடம் முதலிலேயே கிடைத்திருக்கும்.

"அப்ப கடை நிறைய வந்தா நல்லதுதானே அண்ணா?" என்கிறாய். எந்த அளவு வரை என்று பார்க்க வேண்டும். தியாகராய நகரைப் பார். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, நடுவில் பனகல் பூங்கா வைத்து, தெருக்களை அழகாகப் பிரித்துப் போட்ட குடியிருப்பு அது. 1928இல் நல்லி அங்கே கடை திறந்தார். பக்கத்தில் மாம்பலம் ரயில் நிலையம், அதன் வாசலில் ரங்கநாதன் தெரு. ரயிலில் இறங்குகிற ஜனம் கடைக்கு ஜனம் ஆனது, வீடுகள் ஒவ்வொன்றாகக் கடை ஆயின, கடைகள் மாடி மாடியாக ஏறின. 2008இல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2017 மே கடைசியில் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கட்டடம் எரிந்து சரிந்தது. வீடுகளுக்காகப் போட்ட தெருவில் ஆயிரம் மடங்கு ஆட்களும் வண்டிகளும் வந்தால் தீயணைப்பு வண்டி எங்கே நுழையும்? அங்கே குடியிருந்த பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போய்விட்டன. 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, மக்கள் நடக்க ஒரு வழி செய்தார்கள். நல்ல காரியம். அதைச் செய்ய நூறு வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

ஆனால் புதுநகரின் ஆபத்து தி.நகரைப் போல வராது என்பது என் எண்ணம். புதுநகரில் ஜவுளிக்கடை நெரிசல் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. லாரியில் வருகிற வியாபாரம்.

நம் வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் ஓட ஆரம்பித்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி. தெற்கே ராயபுரத்தை ஒட்டிப் பழைய சென்னைத் துறைமுகம். மூன்றுக்கும் நடுவில் மணலி. கப்பலில் இறங்குகிற பெட்டிகளைச் சுங்கச் சோதனைக்காக நிறுத்தி வைக்க இடம் வேண்டும். துறைமுகத்துக்குள் வாடகை அதிகம், இடமும் குறைவு. அதனால் மணலியிலும் அதைச் சுற்றியும் ஏக்கர் கணக்கில் கன்டெய்னர் யார்டுகளும் குடோன்களும் வந்தன. கணக்குப் புத்தகத்தில் இதுவும் வணிக வளர்ச்சிதான். ஆனால் இதை நம்பி வருகிற டிரெய்லர் ஓட்டுநர் ஹரியானாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வருகிறவர். அவருக்கு நிறுத்த இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது, சாலையோரத்திலேயே ராத்திரி முழுவதும் வரிசையில் நிற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளிவிட்டு சைக்கிளில் வரும் குழந்தை அந்த டிரெய்லர் சக்கரத்தின் பக்கத்தில்தான் வர வேண்டியிருக்கிறது, அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. யார்டு எத்தனை பெரிதாக இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு தெரு உருவாகாது. நீளமான மதில் மட்டும்தான் உருவாகும். மதில் பக்கம் நடந்து போக யாருக்கும் பிடிக்காது, அதனால் அங்கே கடையும் வராது.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரண்டு நாளில் நம் ஜனத்துக்குத் தெரிந்தது, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் அதே சரக்கு 37 பெட்டிகளில் சுமார் 740 டன் கிடக்கிறது என்று. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்தது. ஐந்து வருடம் அப்படியே இருந்தது. உடனே ஏலம் முடித்து லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். எதுவும் ஆகவில்லை, நல்லது. ஐந்து வருடம் அந்தப் பெட்டிகளுக்கு அருகில் சமைத்துத் தூங்கிக் குழந்தை வளர்த்தவர்களிடம் யாரும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். புதுநகரில் மனை வாங்குகிற ஒருவருக்குப் பக்கத்து மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பத்திரத்தில் சேர்ந்து வர வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனால் கடைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்திருக்கமாட்டாய். புதுநகர் இரண்டு தண்ணீர் வழிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரி திறந்தால் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி இப்படித்தான் வரும். இன்னொரு பக்கம் புழல் ஏரியின் உபரிக் கால்வாய், சடையங்குப்பம் வழியாக வரும். இரண்டும் எங்கே போய்ச் சேர வேண்டும்? நம் எண்ணூர்க் கழிமுகத்துக்கு. எங்கே வெளியேற வேண்டும்? இதோ, நம் நெட்டுக்குப்பத்து முகத்துவாரத்தில். மணல் சேர்ந்து வாய் குறுகிப்போனால், கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோனால், மேலிருந்து வருகிற வெள்ளம் திரும்பி நிற்கும். 2021 நவம்பரில் புதுநகர்த் தெருக்களில் படகு விட்டது அதனால்தான். ஆறு பெருகியது ஒரு காரணம், போக வழி சுருங்கியது இன்னொரு காரணம். முகத்துவாரத்தில் மணல் அள்ளுங்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டதை மீனவர்களின் தனிப்பிரச்சினை என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது புதுநகர் மளிகைக்கடையின் அரிசி மூட்டைக்கும் சேர்த்துக் கேட்டது.

ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் கொசஸ்தலை வடிநிலத்துக்கு 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தப் பணத்தில் 588 கிலோமீட்டர் புதிய மழைநீர் வடிகால் கட்டுவது திட்டம். தெருத்தண்ணீர் வடிவதற்கு அது உதவும். ஆனால் எல்லா வடிகாலும் கடைசியில் கால்வாயிலும் ஆற்றிலும் கழிமுகத்திலும்தான் கொட்ட வேண்டும். கீழே வாய் அடைத்திருந்தால் மேலே எத்தனை குழாய் போட்டாலும் தண்ணீர் எங்கே போகும்?

2023 டிசம்பரை நீ மறந்திருக்கமாட்டாய். மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கி நம் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, நண்டு, சதுப்பு மரத்தின் வேர் எல்லாம் தார் பூசினதுபோல. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனம் வீட்டை விட்டு ஓடியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70ஐத் தாண்டினால் கடுமையாக மாசடைந்தது என்று வைத்துக்கொண்டார்கள். மணலிக்கு 76.32. இதை எல்லாம் வைத்துக்கொண்டு எத்தனை பேக்கரி திறந்தாலும், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடியாத ஊரை நான் வாழத் தகுந்த ஊர் என்று சொல்லமாட்டேன்.

இப்போது உன் அம்மா விஷயம். நம் முகத்துவாரத்து இறாலும் மடவையும் கிழங்கானும் புதுநகர் வரை போய் விற்கிறதே, அது உன் அம்மா மாதிரி பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோவதால்தான். அவருக்கு என்ன வேண்டும்? நாலுக்கு நாலு அடி இடம், தலைக்கு மேல் நிழல், மீன் கழுவ ஒரு குழாய், செதிலையும் குடலையும் போட ஒரு தொட்டி. அவ்வளவுதான். இது இல்லாததால் கூட்டுமுனையில் உட்கார்கிறார், ஒரு நாள் எழுப்பிவிடுகிறார்கள், மறுநாள் வேறு முனை. புதுநகரில் உள்ள வைகுண்ட தர்மபதிக் கோயிலில் புரட்டாசித் திருவிழா நடக்கும்போது மட்டும் தெருவே கடையாகிறது, யாரும் யாரையும் விரட்டுவதில்லை. பத்து நாள் முடிகிற இடத்தில் மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் ஏன் முடியாது?

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 10,000 பேர் உள்ள ஊர் என்றால் 250 பேருக்கு. இதைக் கவனிக்கும் வியாபாரக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் எழுப்பக்கூடாது. உன் அம்மாவுக்கு இது பிச்சையாகக் கிடைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கெடுக்க வருகிற அன்று அவர் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். குப்பத்தில் குடியிருந்து புதுநகரில் விற்கிறவர் எந்த வார்டுப் பட்டியலில் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுவை, அங்கேதான் நழுவிப்போவார்கள்.

கடைசியாக உன் கேள்வி. மனை வாங்காதே, தம்பி. பணத்தை மண்ணில் போட்டுவிட்டால் கடைக்குச் சரக்கு வாங்க மிச்சம் இருக்காது. வாடகைக்கு ஒரு முன்னறை பிடி. பெரிய சாலையில் பிடிக்காதே, அங்கே அட்வான்ஸ் உன்னைத் தின்றுவிடும், வருகிறவன் வண்டியை நிறுத்தவும் மாட்டான். உள்தெருவில் பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ பஸ் ஸ்டாப்போ, பெண்கள் தினமும் நடந்து போகிற வழி எதுவோ அதில் பார். பிடிக்கிற முன்னால் 2021இல் அந்தச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேள், சுண்ணாம்புக்குக் கீழே கோடு இன்னும் தெரியும். மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு மழைக்காலம் பொறுத்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தால் இன்னும் நல்லது. என்ன கடை என்று கேட்டால், மீன் சுத்தம் செய்து கொடுக்கிற கடை என்பேன். அம்மா கொண்டுவருவதை நீ வெட்டிக் கழுவிக் கொடு, ஐஸ் பெட்டி ஒன்று வை. வேலைக்குப் போகிற பெண்கள் அதற்குக் கட்டாயம் வருவார்கள்.

கடை போடுகிறவன் கடையோடு நின்றுவிடக்கூடாது. 2022 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடக்க ஆரம்பித்தது. கிராம சபை மாதிரிதான், நீ போய்ப் பேசலாம். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான், அடுத்த இருபது வருடத்துக்கு மூன்றாவது திட்டம். எங்கே யார்டு வரலாம், எங்கே வரக்கூடாது என்று அதில்தான் வண்ணம் தீட்டுவார்கள். நெட்டுக்குப்பத்துக்காரர்களும் புதுநகர்க்காரர்களும் தனித்தனியே மனு கொடுத்தால் இரண்டும் இரண்டு கோப்பில் தூங்கும். ஒரே மனுவாகக் கொடுங்கள், எழுதித் தருவது என் பொறுப்பு. முகத்துவாரத்தில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மணல் அள்ள வேண்டும். வீடுகளிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கன்டெய்னர் யார்டு கூடாது என்று எண்ணைக் குறிப்பிட்டு விதி எழுத வேண்டும், டிரெய்லர் நிறுத்தக் கழிப்பறையோடு தனி இடம் வேண்டும். புதுநகரில் மீன் விற்கும் பெண்களுக்குக் குழாயும் கூரையும் உள்ள இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதலாம். கையெழுத்து வாங்குவதை உன் அம்மாவிடமிருந்து ஆரம்பி, அவருக்குத்தான் இரண்டு ஊரிலும் ஆள் தெரியும்.